கிக்கர் இல்லாத புல்லட்

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் காலை ஒன்பது மணிக்குச் சிவப்பு விழும்போது முன்வரிசை பைக்குகளைப் பாருங்கள். இரண்டு மூன்றாவது 1950-களின் முகத்தோடு நிற்கும். உருண்டை ஹெட்லைட், அதற்கு மேல் இமைபோல ஒரு மடிப்பு, இருபுறமும் புலிக்கண் என்று சொல்லப்படும் குட்டி விளக்குகள், கண்ணீர்த்துளி வடிவ டேங்க். ஓட்டுகிறவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வண்டிக்கு மூன்றோ நான்கோ வயது. அந்த வடிவம் மட்டும் அவருடைய தாத்தா காலத்தது.

இவற்றில் பல பிறந்த இடமும் பக்கம்தான். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாகப் போனால் ஒரகடம் வரும். 2013-ல் ராயல் என்ஃபீல்டு அங்கே ஆலை திறந்தது. 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொன்று. அதற்கு முன்பு புல்லட் என்றால் திருவொற்றியூர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் பாகங்களை இறக்கிப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் கப்பலில் வந்து சேர்ந்தன, 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று. 1970-ல் இங்கிலாந்து நிறுவனம் கடையை மூடியது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி அநேகமாக அதே வடிவில் வந்துகொண்டே இருந்தது. பழைய பாணியில் ஒரு வண்டி செய்வோம் என்று அப்போது யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. போட்டி குறைவான சந்தையில் மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

சேலையூருக்கும் புல்லட்டுக்கும் பொருத்தம் இருந்தது. ஒரு பக்கம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் கிறிஸ்தவக் கல்லூரி, நடுவே ஏரி, தோப்பு, மண் சாலை. புல்லட் வைத்திருந்தவர்களைத் தெருவில் விரல்விட்டு எண்ணலாம். சீருடை உத்தியோகக்காரர், காண்ட்ராக்டர், கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பார்கள். சத்தத்தை வைத்து யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தச் சத்தத்தை எழுப்புவதற்குள் ஓட்டுகிறவருக்கு வியர்த்துவிடும். சாவியைத் திருப்பினால் ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்ப் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இடது கைப்பிடியில் இருக்கும் டீகம்ப்ரஷரை இழுத்துப் பிடித்து, பிஸ்டனை உச்சி தாண்டி ஒரு நூல் நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, உடம்பின் மொத்த எடையையும் காலில் இறக்கி ஒரே மிதி. சரியாக வந்தால் டுப்பு டுப்பு. டைமிங் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்கால் நீலம் பாரிக்கும். செருப்புக் காலோடு புல்லட்டை மிதிக்காதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்கணும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்தணும். நியூட்ரல் தேடித் தவிப்பவர்களுக்காகவே கியர்பாக்ஸில் தனியாக ஒரு குட்டி லீவர். குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் இரண்டிலோ மூன்றிலோ நாலிலோ இருந்து நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். நியூட்ரல் சுலபமாக விழாது என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு லீவரும் வைத்துக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அந்த நேர்மை பிடிக்கவும் செய்யும்.

ஆயில் ஒழுகும். வண்டி நிற்கும் இடத்தில் பழைய அட்டைப் பெட்டியை விரித்துப் போடுவது வீட்டு வழக்கம். மழையில் பாயிண்டில் ஈரம் ஏறினால் நின்றுவிடும். டிரம் பிரேக்கைப் பிடித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நிற்கும். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல். இவ்வளவு இருந்தும் கிடைத்தது 18 குதிரைசக்தி. அறுபதைத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாத அளவுக்கு அதிர்வு. ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் வண்டியைச் சரிபார்ப்பதற்கே போகும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்களில் பலர் அதைப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள். மிதித்தவர்களிடம் கேட்டால் கதை வேறு.

ஆனாலும் அந்தத் தொல்லைகளுக்கு ஒரு குணம் இருந்தது. எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கு எட்டின. பாயிண்ட் கருகினால் உப்புத்தாளை மடித்து இரண்டு தேய். டேப்பட் சத்தம் போட்டால் வலது பக்கச் சின்ன மூடியைக் கழற்றி இரண்டு ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு. கார்புரேட்டரில் அடைப்பு என்றால் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊது. கிழக்குத் தாம்பரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக், ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். உதிரிபாகம் வேண்டுமென்றால் மின்சார ரயிலேறி ஜி.பி. ரோடு. அங்கே இல்லையென்றால் புதுப்பேட்டை. புதுப்பேட்டையிலும் இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். ரெட்டிச்சில் வரைந்த வரைபடம் தேவைப்படவில்லை, தேய்ந்துபோன பழைய புஷ் ஒன்று கையில் இருந்தால் போதும்.

வண்டிக்காரரும் பாதி மெக்கானிக்காக இருந்தார். சிலருக்கு அது பெருமை, சிலருக்கு வேறு வழியில்லை. சத்தம் இன்னும் கம்பீரமாக வரட்டும் என்று ஐடிலைக் குறைத்துக் குறைத்து, ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஒரு மூச்சு விடும்படி வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தால் ஆயில் பம்ப் போதுமான ஆயிலைத் தள்ளாது, பிக்எண்ட் சீக்கிரம் போகும். தெரிந்தே செய்தார்கள். கெட்டாலும் தன் கையால் கெட்டது என்ற திருப்தி.

1985-க்குப் பிறகு காற்று மாறியது. ஹீரோ ஹோண்டாவின் சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100 எல்லாம் வந்தன. ஒன்று சொட்டு பெட்ரோலில் ஓடியது, இன்னொன்று சீறியது. இரண்டும் லேசான ஒரு மிதியில் ஸ்டார்ட் ஆயின. அவற்றுக்கு நடுவே புல்லட் தாத்தாவாகிப்போனது. ஐஷர் குழுமம் 1990-ல் என்ஃபீல்டில் நுழைந்து 1994-ல் முழுதாக எடுத்துக்கொண்டது. 2000 வாக்கில் இந்தப் பிரிவை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சே வந்தது. ஐஷரை நடத்திய குடும்பத்தின் இளைஞரான சித்தார்த்தா லால் ஒரு வாய்ப்புக் கேட்டுப் பொறுப்பை ஏற்றார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு 10 லட்சம் வண்டிகளைத் தாண்டி விற்றது.

அந்தத் திருப்பத்தில் பெரிய பங்கு 2009-ல் வந்த கிளாசிக்குக்கு. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய் அலுமினிய இன்ஜின். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில். கியர் இடது காலுக்கு நிரந்தரமாக மாறியது. பட்டன் ஸ்டார்ட். ஆயில் ஒழுகுவது பெரும்பாலும் நின்றது. ஆனால் வெளியே பார்த்தால் முன்னெப்போதையும்விடப் பழசு. ரெட்டிச்சின் போருக்குப் பிந்தைய வண்டிகளைப் பார்த்து வரைந்த டேங்க், ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட். ஓட்டு வீட்டின் திண்ணையையும் தூணையும் முன்னால் அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே லிஃப்ட் வைத்த அபார்ட்மென்ட் கட்டிய மாதிரி. அதை வாங்க ஜனம் மாதக்கணக்கில் காத்திருந்தது.

அந்த வரிசையைப் பார்த்துப் பிறரும் கிளம்பினார்கள். மைசூரில் 1996-ல் மூடப்பட்ட ஜாவாவை 2018 நவம்பரில் கிளாசிக் லெஜண்ட்ஸ் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டு சைலன்சர், பழைய டேங்க், உள்ளே ரேடியேட்டரோடு 293 சி.சி. இன்ஜின். ஒன்றரை மாதத்துக்குள் இணையப் பதிவை நிறுத்த வேண்டியதாயிற்று. பணம் கட்டியவர்கள் அடுத்த ஆண்டின் பெரும்பகுதியைக் காத்தே கழித்தார்கள். பழைய ஜாவாவில் கிக்கரே கியர் லீவராகவும் இருக்கும். அந்த விநோதத்துக்காகவே புதியதை எதிர்பார்த்த மைசூர்ப் பெரியவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

இனி இன்றைய குறைகளுக்கு வருவோம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் அபார்ட்மென்ட்களின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இவற்றைத் தினமும் கேட்கலாம். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ராகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் பேட்டரி. 2021 செப்டம்பரில் வந்த புதிய கிளாசிக் 350-இல் கிக்கர் இல்லை. 2023-ல் அதே இன்ஜினோடு வந்த புல்லட்டிலும் இல்லை. பெயர் புல்லட், கிக்கர் கிடையாது. ஐம்பது வருடம் முன்பு இப்படிச் சொன்னால் டீக்கடையில் அடித்துத் துரத்தியிருப்பார்கள். தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போய்வருகிறவர், சனிக்கிழமை மட்டும் எடுக்கிறவர் இவர்களுக்குத்தான் தலைவலி. பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று ஒரு முனகல். பழைய ஞாபகத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்றால் வண்டி 195 கிலோ. அப்படியே தள்ளினாலும் பெட்ரோல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் வேண்டும், பேட்டரி சுத்தமாகப் படுத்திருந்தால் தள்ளுகிறவருக்கு உடற்பயிற்சி மட்டும் மிச்சம். வாட்ச்மேன் அண்ணன் ஒரு பக்கம், பால்காரர் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு ராம்ப் ஏறும் காட்சி எங்கள் பக்கம் அபூர்வமல்ல.

அடுத்தது அந்த மஞ்சள் விளக்கு. 2019-ல் ஏ.பி.எஸ். கட்டாயம், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 கட்டாயம். கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தது, புகையை மோப்பம் பிடிக்கும் ஆக்சிஜன் சென்சார் வந்தது. நுரையீரலுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. வேளச்சேரி மெயின் ரோட்டில் தினம் போகிறவர்கள் கும்பிட்டு வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று வண்டி ஓட்டுகிறவரிடம் சொல்லாது. வண்டி நன்றாகத்தான் ஓடும், விளக்கும் எரியும். வேப்பமரத்தடி மெக்கானிக்கிடம் போனால், "கை வெக்க முடியாது சார், ஸ்கேனர் போட்டுத்தான் பாக்கணும்" என்பார். ஸ்கேனர் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. அங்கே வரிசை இருக்கிறது. சில சமயம் கோளாறு ஒரு கப்ளரில் ஏறிய ஈரமாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் லீவு.

சைடு ஸ்டாண்டு சென்சார் இன்னொரு வேடிக்கை. ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் நின்றுவிடும். உயிர் காக்கும் ஏற்பாடு. மழைக்காலத்தில் சேறு அப்பிக்கொண்டால் ஸ்டாண்டைத் தூக்கிய பிறகும் இன்னும் கீழேதான் இருக்கிறது என்று வண்டி நம்பிக்கொண்டிருக்கும். கில் ஸ்விட்சை அறியாமல் தட்டிவிட்டு, வண்டி கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டவர்கள் கணக்கில் வராது. பள்ளிக்கூடப் பையன் வந்து, "அங்கிள், சிவப்பு ஸ்விட்ச்" என்று காட்டிவிட்டுப் போவான்.

சக்கரம். ரெட்ரோ என்றால் கம்பிச் சக்கரம்தான் அழகு. கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே ட்யூப். அலாய் சக்கர வண்டிக்காரர் அகரம்தென் ரோட்டில் ஆணி ஏறினால் இருந்த இடத்திலேயே ஒரு குச்சியைச் செருகிக் காற்றடித்துக்கொண்டு போய்விடுவார். கம்பிச் சக்கரக்காரர் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டிஸ்க், ஏ.பி.எஸ். சென்சார் எல்லாம் இருப்பதால் சில பஞ்சர் கடைக்காரர்கள் வண்டியைத் தொடவே யோசிக்கிறார்கள். இதைக் கம்பெனியின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலாய் சக்கர மாடலும் கூடவே விற்பனைக்கு இருக்கிறது. புகைப்படத்தில் நன்றாக இருக்காது என்று நாம்தான் வேண்டாம் என்கிறோம்.

துரு. இதற்குப் பாதிக் காரணம் நம் ஊர்த் தண்ணீர். தாம்பரம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் குரோமைக் கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். கம்பியின் கழுத்திலும் நிப்பிளிலும் அந்த உப்பு தங்கி, ஒரே மழைக்காலத்தில் பழுப்பாகும். மீதிப் பாதி முலாமின் தரம். பழைய வண்டியும் துருப்பிடிக்கத்தான் செய்தது. ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதன் கண்ணாடிக் காம்பில் முதல் வருடமே துருவைப் பார்க்கிற வயிற்றெரிச்சல் அப்போது இல்லை.

சத்தம். எல்லாக் குறைகளையும்விட அதிகம் புலம்பப்படுவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிய 349 சி.சி. இன்ஜினில் அதிர்வைக் குறைக்க பேலன்சர் தண்டு இருக்கிறது. 20.2 குதிரைசக்தி, பட்டுப்போன்ற ஓட்டம், கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பரைப் படிக்கலாம். அதை வாங்கி ஒரு வாரத்தில், "பழைய அடி இல்லையே" என்பார்கள். அதிர்வு வேண்டாம் என்று கேட்டவர்களே அதிர்வு எங்கே என்றும் கேட்கிறார்கள். ஐடிலைக் குறைக்கத் திருகு இல்லை, அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. உடனே வெளியே ஒரு சைலன்சரை வாங்கி மாட்டுவார்கள். ஆக்சிஜன் சென்சார் குழம்பி மஞ்சள் விளக்கு எரியும். மேடவாக்கம் போகும் வழியில் போலீஸ்காரர் நிறுத்துவார். சர்வீஸ் சென்டரில் வாரண்டி பற்றி முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு சைலன்சரால் மூன்று பக்கமும் பகை.

கம்பெனி தரப்பில் நேர்ந்த தவறுகளும் உண்டு, அவை ஊரறிய வந்தன. 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக ராயல் என்ஃபீல்டு இந்தியாவிலும் வேறு சில நாடுகளிலுமாக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பின்பிரேக் சம்பந்தப்பட்ட ஒரு தாங்கிக்காகப் புதிய கிளாசிக் 26,300. இதைச் சொல்லி வண்டியை மட்டம் தட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. திருவொற்றியூர் காலத்தில் ஒரு பாகம் பலவீனம் என்றால் அது மெக்கானிக்குக்கும் டீக்கடைக்கும்தான் தெரியும், அடுத்தவர் விழுந்து எழுந்து தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது போன் வருகிறது, காசில்லாமல் மாற்றித் தருகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இன்று, அன்றைவிட எவ்வளவோ மேல்.

உண்மையில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இன்றைய வண்டி கெடுவது குறைவு. பழைய புல்லட்டில் ஒரு மாதத்தில் பட்ட பாட்டை இன்றைய வண்டிக்காரர் இரண்டு வருடத்தில் படுவதில்லை. ஆனாலும் எரிச்சல் பல மடங்கு. அந்த வடிவம்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இதே சென்சார், இதே கம்ப்யூட்டர், இதே சர்வீஸ் வரிசை ஒரு சாதாரண ஸ்கூட்டருக்கும் உண்டு. ஸ்கூட்டர்காரர் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுவார். புல்லட் முகத்தோடு ஒரு வண்டியை வாங்குகிறவர் அப்பாவும் மாமாவும் ஸ்பேனரோடு குனிந்திருந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார். மூடியைத் திறந்தால் கை வைக்க இடமில்லை. சின்னக் கோளாறுக்கும் முழு அசெம்பிளியை மாற்றச் சொல்கிறார்கள். ஒரகடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், பாகம் வர நாளாகும் என்று கவுண்டரில் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது.

வெள்ளத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கான வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. வார்ப்பிரும்பு புல்லட் முழுகினால் செய்ய வேண்டியது பழைய ஆட்களுக்கு அத்துப்படி. கிக்கரைத் தொடாதே. ப்ளக்கைக் கழற்று. ஆயில் மொத்தத்தையும் வடி. பாயிண்டைத் துடை, கார்புரேட்டரைக் கழுவு, புது ஆயில் ஊற்றி ஓட்டி அதையும் ஒருமுறை வடி. இரண்டு மூன்று நாளில் டுப்பு டுப்பு. இன்ஜெக்ஷன் வண்டி முழுகினால் இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம், வயரிங்கும் இ.சி.யு.-வும் ஏ.பி.எஸ். மாட்யூலும் என்ன சொல்லும் என்பது போகப்போகத்தான் தெரியும். இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்வரை சேற்றோடு அப்படியே வைத்திருக்க வேண்டும்.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்ததே பங்க்குகளில் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்கணக்கில் நிற்கும் பழைய வண்டியின் டேங்க்கில் அடியில் தண்ணீர் தங்கித் துருவேறும், கார்புரேட்டரின் ரப்பர் வளையங்கள் உப்பும். இதில் புதிய வண்டிக்காரர்களுக்குக் கவலை குறைவு, அண்மையில் வந்தவை அதற்கேற்பச் செய்தவை. தூக்கம் கெடுவது வார்ப்பிரும்பைக் கண்ணின் மணியாக வைத்திருக்கும் பெரியவர்களுக்கு.

மரத்தடி மெக்கானிக்குகளின் அடுத்த தலைமுறை சும்மா இல்லை. கடைக்கு ஷட்டர் வந்துவிட்டது, சுவரில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பும் வந்துவிட்டது. எல்லாக் கம்பெனி வண்டிகளையும் ஓரளவு படிக்கும் ஸ்கேனர்கள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி, யூடியூபில் இந்தியும் மலையாளமும் பார்த்துப் பழகி, சேலையூரிலேயே மஞ்சள் விளக்கை அணைத்துத் தரும் பையன்கள் இருக்கிறார்கள். ஸ்கேனர் ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு எந்த வயர் எங்கே போகிறது என்ற படம் வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. பழைய புல்லட்டோடு வந்த கையேட்டில் டேப்பட் எப்படி வைப்பது, பாயிண்ட் இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் வண்டிக்காரருக்கே சொல்லியிருக்கும். இன்றைய கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. கம்பெனிகள் கையேட்டையும் பாகங்களின் விவரத்தையும் பொதுவில் வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கிக்கரைத் திரும்பக் கொடுங்கள் என்று புலம்புகிறவர்கள் அந்த மூச்சை இதற்குச் செலவழிக்கலாம். கிக்கர் இனி வராது, அதற்கான தண்டே இந்த இன்ஜினில் கிடையாது. வயரிங் படம் வருவதற்கு இன்ஜினை மாற்றிச் செய்ய வேண்டியதில்லை. கேம்ப் ரோட்டு மெக்கானிக் பையனுக்குப் பி.டி.எஃப். ஆகக் கிடைத்தாலே போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.